அம்மாவின் கூறைப்புடவையை விற்ற பிறகு

வேலூர் சத்துவாச்சாரியில் எங்கள் தெருவில் மாதத்துக்கு ஒரு முறையாவது அந்தக் குரல் கேட்கும். மொபெட்டில் சின்ன ஒலிபெருக்கியைக் கட்டிக்கொண்டு, "பழைய பட்டுப்புடவை, கிழிஞ்ச பட்டுப்புடவை, ஜரிகை வேட்டி எடுக்கிறது" என்று மெதுவாகப் போவார்கள். 2022 ஜூனில் ஒரு சனிக்கிழமை மத்தியானம் நான் அந்த வண்டியை நிறுத்தினேன். அம்மா போய் ஐந்து மாதம் ஆகியிருந்தது. பீரோவைத் திறந்தாலே அம்மாவின் வாசனை வரும், மூடிவிட்டு வெளியே வந்து உட்காருவேன். அப்பா தூங்கிக்கொண்டிருந்தார். இந்தப் பீரோ காலியானால் போதும் என்று ஒரு எண்ணம், அவ்வளவுதான். ஆறு பட்டுப்புடவைகளைக் கொண்டுவந்து போட்டேன். அவர் ஒவ்வொன்றாகப் பிரித்து, முந்தியை விரலால் தேய்த்துப் பார்த்து, கைத்தராசில் தொங்கவிட்டு, மொத்தமாக 6,800 ரூபாய் கொடுத்தார். அதில் அம்மாவின் கூறைக்கு 2,500. மடிப்பில் பட்டு இற்று விட்டுப்போயிருக்கிறது, இதை எரித்து வெள்ளிதான் எடுக்க முடியும் என்று சொன்னார். நானும் சரி என்றேன்.

அந்தப் புடவை 1991இல் அப்பா வீட்டார் ஆரணியில் எடுத்தது. 1989இல் வட ஆற்காடு மாவட்டத்தைப் பிரித்தபோது ஆரணி திருவண்ணாமலைப் பக்கம் போய்விட்டது, ஆனால் வேலூர்க்காரர்களுக்குக் கல்யாணப் புடவை என்றால் பஸ் ஏறிக் கண்ணமங்கலம் வழியாக ஆரணிக்குப் போவதுதான் வழக்கம். காஞ்சிபுரம் வரைக்கும் போக வசதி இருந்தவர்கள் போனார்கள். எங்கள் ஆயா, அப்பாவின் அம்மா, ஆரணிக்குத்தான் போனார். அரக்கு உடல், மயில்கழுத்துக் கலரில் கரை, கரையில் தாழம்பூ ரேக்கு என்கிற பல் பல்லான ஜரிகை வேலை, முந்தியில் இரண்டு வரிசை அன்னப்பட்சி. அம்மா அதை வருஷத்துக்கு ஒரே ஒரு நாள், ஆடிக் கிருத்திகைக்கு ரத்தினகிரி போகும்போது கட்டுவார். படி ஏறும்போது கொசுவத்தை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு எனக்கு முன்னால் போவார். நான் பார்த்து வளர்ந்தது அந்தக் கரையைத்தான். மற்ற நாளெல்லாம் அம்மா ஒரு சாதாரண அம்மா, அந்த ஒரு நாள் மட்டும் யாரோ ஒரு பெரிய வீட்டுப் பெண் மாதிரி தெரிவார்.

நான் ஆஸ்பத்திரி லேபில் டெக்னீஷியன். காலையில் சுடிதார், அதன் மேல் வெள்ளைக் கோட்டு, இரவு நைட்டி. எனக்கென்று ஒரு உடை ரசனை இருக்கிறதா என்று நான் யோசித்ததே இல்லை. 2023 ஏப்ரலில் கல்யாணம் நிச்சயமாகி, பியூட்டி பார்லரில் பேசப் போனபோது, இப்போது எல்லோரும் பேஸ்டல் கலர்தான் எடுக்கிறார்கள், அரக்கு எடுத்தால் போட்டோவில் இருட்டடிக்கும், ஆரி ஒர்க் பிளவுஸ் எட்டாயிரத்தில் இருந்து இருக்கிறது என்று சொன்னார்கள். கண்ணாடி முன்னால் ஒரு ரோஸ் கலர் புடவையைத் தோளில் போட்டுக் காட்டினார்கள். அழகாகத்தான் இருந்தது. ஆனால் அதில் இருந்தது நான் இல்லை. அம்மாவின் கூறையைக் கட்டிக்கொண்டு மணையில் உட்காரவேண்டும் என்று அந்த நிமிஷம்தான் தோன்றியது. அடுத்த நொடி, அதை எடைக்குப் போட்டுவிட்டோம் என்பதும் நினைவுக்கு வந்தது. பார்லர் பாத்ரூமில் போய் அழுதேன். அந்த மொபெட்காரரை ஒரு மாதம் தேடினேன். வேறு இரண்டு பேர் வந்தார்கள், அவர் வரவில்லை. வந்திருந்தாலும் ஒரு வருஷம் கழித்துப் புடவை எங்கே இருக்கப்போகிறது.

பீரோவின் கீழ்த்தட்டைத் துழாவியபோது கிடைத்தது ஒன்றே ஒன்று, அந்தக் கூறையின் பிளவுஸ். 1991இல் தைத்தது, 32 அளவு, கைகளில் மட்டும் இரண்டு விரல் அகலத்துக்குத் தாழம்பூ ரேக்கு. அதை ஒரு பாலித்தீன் கவரில் போட்டு ஹேண்ட்பேகில் வைத்துக்கொண்டு, அதே மாதிரி ஒரு புடவை நெய்துவிடலாம் என்று கிளம்பினேன். அப்பாவிடம் சொல்லவில்லை. கூறை பீரோவில் இருக்கிறது என்றுதான் அவர் நினைத்துக்கொண்டிருந்தார்.

இந்த இடத்தில் ஒன்று சொல்லவேண்டும். வீட்டில் சாவு நடந்த முதல் வருஷத்தில் இறந்தவரின் துணிமணியை விற்காதீர்கள். பார்க்க முடியவில்லை என்றால் ஒரு டிரங்குப் பெட்டியில் போட்டுப் பூட்டிச் சாவியை வேறொருவரிடம் கொடுத்துவிடுங்கள். எப்படியும் விற்கத்தான் வேண்டும் என்றால், முதலில் விரித்துப் போட்டு முந்தி, கரை, உடல் மூன்றையும் இரண்டு பக்கமும் போட்டோ எடுங்கள். வீட்டுத் தராசிலேயே எடை போட்டுக்கொள்ளுங்கள். குறைந்தது இரண்டு பேரிடம் விலை கேளுங்கள். ஜரிகையை 'மார்க்' கணக்கில் விற்பார்கள், ஒரு மார்க் என்பது சுமார் 240 கிராம். அம்மாவின் புடவையில் ஒரு மார்க்குக்குக் குறையாமல் ஜரிகை இருந்திருக்கும் என்று பின்னால் ஒரு நெசவாளர் சொன்னார். அந்தக் காலத்துச் சுத்த ஜரிகையில் பாதிக்குப் பாதி வெள்ளி என்று வைத்தாலே 120 கிராம். அன்றைக்கு வெள்ளி கிராம் அறுபது ரூபாய்க்கு மேல் இருந்தது. கணக்குப் போட்டால் 7,200. மேல் பூச்சில் இருக்கும் தங்கத்தைச் சேர்க்கவே இல்லை. இன்னொன்றும் அவரே சொன்னார்: உடல் நைந்த புடவையில் கரை நன்றாக இருந்தால், அதைப் பிரித்துப் புதுத் துணியில் வைத்துத் தைக்கலாம், விட்டுப்போனது என்று தூக்கிக் கொடுக்கவேண்டியதே இல்லை. இதெல்லாம் ஒரு வருஷம் முன்னால் யாராவது என் காதில் போட்டிருந்தால்!

சரி, ஆரணிக்கு வருகிறேன். எங்கள் பக்கத்தில் கூறை எடுப்பது மாப்பிள்ளை வீட்டார். வரப்போகிற அத்தையிடம் பிளவுஸைக் காட்டி, இந்த மாதிரி நெய்து வாங்கிக்கொள்கிறேன் என்று கேட்டேன். குடியாத்தத்துக்காரர், அவர் வீட்டிலும் அந்தக் காலத்தில் தறி இருந்திருக்கிறது. உடனே 25,000 ரூபாயை என் கையில் கொடுத்து, "உனுக்குப் புடிச்ச மாதிரி எடுத்துக்கோம்மா" என்றார். அந்தப் பணத்தோடு நான் தனியாகப் போனதுதான் முதல் தப்பு. அவரையே கூட்டிக்கொண்டு போயிருக்கவேண்டும். தறிச் சத்தம் கேட்டு வளர்ந்த ஒருவர் பக்கத்தில் நிற்கும்போது விற்கிறவரின் பேச்சே வேறு மாதிரி இருந்திருக்கும்.

தெரிந்தவர் மூலமாகப் போன இடம் அது, வீடும் கடையும் ஒன்றாக இருந்தது. விற்கிறவர் பிளவுஸை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "இந்த மாதிரி கரை இப்ப யாருமா கேக்கறாங்க, உங்களுக்காகப் போட்டுத் தர்றேன்" என்றார். அந்த ஒரு வார்த்தையில் நான் கரைந்துவிட்டேன். சுத்தப் பட்டு, சுத்த ஜரிகை, கைத்தறி, உடலோடு தனியாகக் கோத்து நெய்யும் கோர்வைக் கரை, 34,000 ரூபாய், நாற்பத்தைந்து நாள். அட்வான்ஸ் 20,000 ஜிபேயில் அனுப்பினேன். கொடுத்தது ஒரு எஸ்டிமேட் சீட்டு. அதில் 'பட்டுப்புடவை 1' என்று மட்டும் எழுதியிருந்தது. ஜிஎஸ்டி எண் இல்லை, ஜரிகை என்ன என்று இல்லை. நான் கேட்கவும் இல்லை. அம்மா இருந்திருந்தால் கேட்டிருப்பார், காய்கறிக்காரரிடமே இரண்டு முறை எடை போடச் சொல்கிறவர் அவர்.

ஜூன் கடைசியில் புடவை வந்தது. மீதிப் பணத்தையும் கொடுத்துவிட்டேன். பார்த்த உடனே கலர் சரியாக இருந்தது, அரக்கும் மயில்கழுத்தும் அப்படியே. ஆனால் மடியில் வைத்தபோது ஏதோ இடித்தது. அம்மாவின் புடவையை மடியில் வைத்தால் ஒரு குழந்தையை வைத்த மாதிரி கனம் தெரியும். இது லேசாக, கொஞ்சம் விறைப்பாக இருந்தது. ஜரிகை அம்மாவுடையதைவிடப் பளபளவென்று மின்னியது. புதுசு என்பதால் அப்படித்தான் என்று மனசைச் சமாதானப்படுத்திக்கொண்டேன்.

முந்தியில் குஞ்சம் கட்டுவதற்காகப் பக்கத்துத் தெரு அக்காவிடம் கொடுத்தேன். அவருக்குப் பிறந்த வீடு ஆரணி. முந்தியின் நூலைப் பிரித்து முடிச்சுப் போட ஆரம்பித்தவர் நிறுத்திவிட்டார். "இன்னா விலைக்குடி எடுத்த?" என்று கேட்டார். சொன்னேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. "ஆஃப் ஃபைன் ஜரிகை மாதிரி கீதே, எங்க பெரியப்பா கிட்ட ஒருவாட்டி காட்டு" என்றார். சுத்தம் இல்லாத ரகம் என்று அர்த்தம். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவரே என்னை ஆரணிக்குக் கூட்டிக்கொண்டு போனார்.

அந்தப் பெரியவர் நாற்பது வருஷத்துக்கு மேல் தறியில் உட்கார்ந்தவர். இப்போது கண் சரியில்லை என்று நெய்வதை விட்டுவிட்டார். வாசல் திண்ணையில் உட்கார்ந்து அம்மாவின் பிளவுஸை உள்பக்கமாகத் திருப்பினார். தையலுக்குள் மடிந்திருந்த ஓரத்திலிருந்து ஒரே ஒரு ஜரிகை இழையை உருவி, கட்டை விரல் நகத்தின் மேல் வைத்து ஊசியால் மெதுவாகச் சுரண்டினார். மேலே மஞ்சள் போனது, கீழே வெள்ளையாக ஒரு தகடு தெரிந்தது, அந்தத் தகடு சுருள் சுருளாகப் பிரிந்து வந்தது. உள்ளே சிவப்பாகப் பட்டு இழை. "இதான் சுத்தம். வெள்ளிக் கம்பியத் தட்டையாக்கி செவப்புப் பட்டு மேல சுத்தி, அதுக்கு மேல தங்கத் தண்ணி" என்றார். அப்புறம் என் புதுப் புடவையிலிருந்து ஒரு இழை. மஞ்சள் போனதும் தெரிந்தது செம்பு, பழைய குடத்தைத் துலக்கினால் வருமே, அந்த நிறம். என்னைப் பார்க்காமலே சொன்னார், "பட்டு பட்டுதான் பாப்பா, அதுல பொய் இல்ல. ஜரிகை செம்பு. வெள்ளி சும்மா மேல் பூச்சு."

புடவையைத் திருப்பிக் கரை சேரும் இடத்தைக் காட்டினார். கைத்தறியில் கோர்வை என்றால் கரைக்கு வேறு நாடா (குறுக்கு நூலை ஓட்டும் கட்டை), உடலுக்கு வேறு நாடா, மூன்று நாடா ஓடும், தறியில் பக்கத்தில் துணைக்கு ஒரு ஆள் உட்காரவேண்டும். அப்படி நெய்ததில் உடலும் கரையும் கோக்கும் கோடு விரலில் தட்டுப்படும், உடல் கலர் கரைக்குள் போகாது. என்னுடையதில் அரக்கு ஊடை, அதாவது குறுக்கு நூல், கரைக்குள்ளும் ஓடியிருந்தது, அதனால்தான் மயில்கழுத்து ஒரு கோணத்தில் மங்கலாகத் தெரிந்திருக்கிறது. கோர்வையே இல்லை. எனக்குக் காது அடைத்துக்கொண்டது. அந்தப் பெரியவர் வீட்டில் கொடுத்த மோரைக்கூடக் குடிக்காமல் வந்துவிட்டேன், அது இன்றைக்கும் உறுத்துகிறது.

கண்ணால் பார்த்ததை வைத்துச் சண்டை போட முடியாது என்பதால் காஞ்சிபுரம் போய்ப் பரிசோதனை செய்தேன். புடவையை வெட்டவேண்டியதில்லை, இயந்திரத்தில் வைத்தால் உலோகங்களைப் பிரித்துச் சொல்லிவிடுகிறது. வெள்ளி ஐந்து சதவீதம்கூட இல்லை, பெரும்பங்கு செம்பு என்று சீட்டு வந்தது. வாங்கப்போகிறவர்கள் இதைத் தெரிந்துகொள்ளுங்கள்: ஆஃப் ஃபைன் ஜரிகை என்பது தானாக மோசடி இல்லை. எல்லோராலும் சுத்த ஜரிகை வாங்க முடியாது, அதற்காகத்தான் அது இருக்கிறது. அதைச் சொல்லி, அதற்கு உரிய விலைக்கு விற்றால் நியாயம். சுத்தம் என்று சொல்லி விற்பதுதான் ஏமாற்று. இன்னொன்று, நான் பெரிய படிப்பாளி மாதிரி சில்க் மார்க் லேபிள் இருந்தால் எல்லாம் சரி என்று நினைத்திருந்தேன். மத்தியப் பட்டு வாரியத்தின் ஆதரவில் 2004இல் வந்த அந்த லேபிள் பட்டு நூல் சுத்தமானது என்பதற்குத்தான் உறுதி. ஜரிகையைப் பற்றி அது ஒன்றும் சொல்லாது. கைத்தறியா என்பதற்குக் கைத்தறி முத்திரை தனி. ஆகவே மூன்று கேள்வி கேட்கவேண்டும்: பட்டு சுத்தமா, ஜரிகை என்ன ரகம், கைத்தறியா விசைத்தறியா. மூன்றுக்கும் பதில் பில்லில் எழுத்தில் வரவேண்டும். எழுத மாட்டேன் என்றால் அங்கேயே எழுந்து வந்துவிடுங்கள், எவ்வளவு இனிமையாகப் பேசினாலும்.

நான் திரும்பப் போய்க் கேட்டபோது அந்த இனிமை இல்லை. "நீங்க குடுத்த காசுக்கு இதுதான் வரும்" என்றார். என் கையில் ஒழுங்கான பில் இல்லை. ஆனால் அவர் அனுப்பிய ஒரு வாட்ஸ்அப் வாய்ஸ் இருந்தது, அதில் சுத்த ஜரிகை என்று இரண்டு முறை சொல்லியிருந்தார். பணம் அனுப்பிய ஜிபே விவரம் இருந்தது. பரிசோதனைச் சீட்டு இருந்தது. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்குப் போன் செய்தேன். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குப் புகார்க் கட்டணம் கிடையாது, இரண்டு வருஷத்துக்குள் போடலாம் என்று அதற்குப் பிறகுதான் தெரிந்தது. முதலில் பதிவுத் தபாலில் ஒரு நோட்டீஸ் அனுப்பினேன், வக்கீல் இல்லாமல் நானே எழுதியது. பதினெட்டாம் நாள் போன் வந்தது. 12,000 ரூபாய் திருப்பிக் கொடுத்தார், புடவையை நான் வைத்துக்கொண்டேன். ஆணையம் வரைக்கும் போயிருந்தால் முழுசாகக் கிடைத்திருக்கலாம். கல்யாணத்துக்கு ஆறு வாரம் இருந்தது, எனக்குத் தெம்பு இல்லை. ஆரணிக்கும் காஞ்சிபுரத்துக்கும் அலைந்ததில் ஆறு நாள் சம்பளம் போனது. கைவிட்டுப்போன பணம் 22,000, கையில் இருப்பது அதில் பாதி பெறுமா என்று தெரியாத ஒரு புடவை.

பணத்தைவிட, சொல்லாமல் மறைத்ததுதான் என்னை அரித்தது. அத்தையிடம் போனில் சொல்ல முடியாமல் நேரே குடியாத்தம் போய்ச் சொன்னேன். அவர் புடவையை வாங்கி விரித்து, கரையைத் தடவிப் பார்த்து, பெருமூச்சு விட்டார். "அதுக்கு ஏம்மா அழுதுகினு கீற. என்ன ஒரு வார்த்த கூப்ட்டிருக்கக் கூடாதா" என்றார். திட்டியிருந்தால் பரவாயில்லை என்று இருந்தது.

அப்பாவிடம் சொல்லவேண்டிய நாளும் வந்தது. எங்கள் பக்கத்தில் கல்யாணத்துக்கு முன்னால் பூவாடைக்காரிக்குப் படையல் போடுவோம். வீட்டில் சுமங்கலியாகப் போய்ச் சேர்ந்த பெண்ணுக்குப் புதுப் புடவை வைத்து, பூ வைத்து, அவர் சாப்பிட்டதெல்லாம் சமைத்து வைத்துக் கும்பிடுவது. அம்மாவுக்குப் போடுகிற முதல் படையல். முந்தின நாள் சாயங்காலம் அப்பா, "புதுசு ஒண்ணு வைப்போம், பக்கத்துல அவ கூறையையும் எடுத்து வை" என்றார். அவர் எதிரில் தரையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன், மொபெட், 2,500 ரூபாய், ஆரணி, எல்லாம். அவர் எழுந்து மாடிக்குப் போய்விட்டார். இரவு சாப்பிட வரவில்லை. காலையில் நான் குளித்துவிட்டு வந்தபோது, சுவரோரம் மஞ்சள் பூசிய பலகையில் புதுப் புடவையும், பக்கத்தில் அம்மாவின் பிளவுஸும், அதன் மேல் கல்யாண ஆல்பத்தில் இருந்து எடுத்த ஒரு போட்டோவும் இருந்தன. பாலித்தீன் கவரில் இருந்து எடுத்து, பிளவுஸின் கைச் சுருக்கத்தைக்கூட நீவி வைத்திருந்தார்.

கல்யாணத்துக்கு கோ-ஆப்டெக்ஸில் ஒரு புடவை எடுத்தோம், அத்தையும் நானும் சேர்ந்து போய். 14,500 ரூபாய், அரக்கு, மெல்லிசான கரை, ஜரிகை குறைவு. பில்லில் எல்லாம் எழுதியிருந்தது. படையலில் வைத்த பிளவுஸைத் தெரு முனை டெய்லர் அக்காவிடம் கொடுத்தேன். அந்தக் காலத்துத் தையல்காரர் பக்கத்துக்கு முக்கால் அங்குலம் துணியை உள்ளே விட்டுத் தைத்திருந்தார். அதைப் பிரித்து, அக்குளில் அதே அரக்கில் ஒரு சின்னத் துண்டு வைத்ததும் எனக்குச் சரியாக வந்தது. முப்பத்திரண்டு வருஷம் உள்ளே மடிந்திருந்த பட்டு மட்டும் வெளியே இருப்பதைவிடக் கொஞ்சம் அடர்ந்த நிறமாக, இரண்டு பக்கமும் ஒரு கோடு மாதிரி தெரிந்தது. அதை மறைக்கப் பைப்பிங் வைக்கட்டுமா என்று கேட்டார்கள். வேண்டாம் என்றேன். ஆவணியில் ரத்தினகிரியில் தாலி கட்டும்போது அதைத்தான் போட்டிருந்தேன்.

பட்டு வைத்திருக்கிறவர்கள் பாலித்தீன் கவரில் மட்டும் வைக்காதீர்கள், காற்று போகாமல் ஜரிகை கருத்துவிடும். பழைய வெள்ளைப் பருத்தி வேட்டியில் சுற்றி வையுங்கள். நாப்தலின் உருண்டை ஜரிகை மேல் படவே கூடாது. சென்ட் அடித்துவிட்டுக் கட்டாதீர்கள், கட்டிய பிறகும் அடிக்காதீர்கள். மூன்று மாதத்துக்கு ஒரு முறை பிரித்து, நிழலில் கொஞ்ச நேரம் காற்றாட விட்டு, மடிப்பை மாற்றிப் போடுங்கள். ஒரே மடிப்பில் வருஷக்கணக்காக இருந்தால் அந்தக் கோட்டில்தான் பட்டு இற்று விட்டுப்போகும். அம்மாவின் கூறை விட்டதும் அப்படித்தான்.

என் வீட்டில் இந்த வேலையை இப்போது அப்பா செய்கிறார். போன ஆடிக் கிருத்திகைக்கு முந்தின நாள் சத்துவாச்சாரிக்குப் போயிருந்தேன். பிளவுஸை மடியில் விரித்து வைத்துக்கொண்டு அதன் கையில் இருந்த தாழம்பூ ரேக்கை விரலால் எண்ணிக்கொண்டிருந்தார். "ஒரு கைக்குப் பதினொண்ணு. புடவைல எவ்ளோ இருந்திருக்கும்?" என்று கேட்டார். பக்கத்தில் உட்கார்ந்து இரண்டு பேரும் கணக்குப் போட ஆரம்பித்தோம்.